அரிய பறவையைப் பார்த்தால் இடத்தைச் சொல்லலாமா?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பல்லடம் பக்கம் கைவிடப்பட்ட ஒரு பாறைக்குழியில் கொம்பன் ஆந்தை ஒன்று குஞ்சுகளோடு இருப்பதைப் பார்த்தவர், படத்தைப் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டிருக்கிறார். உடனே "லொகேஷன் போடுங்க" என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மூத்தவர் ஒருவர் தனியாகப் போன் செய்து, "இடத்தைச் சொல்லிடாதீங்க, முடிஞ்சா படத்தையும் எடுத்துடுங்க" என்றிருக்கிறார். இன்னொருவர் குழுவிலேயே, "ஆந்தை என்ன உங்க தோட்டத்துல வளத்ததுங்களா? தகவலைப் பதுக்கறது நல்லால்லீங்க" என்று எழுதிவிட்டார். முன்பு திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு வரித்தலை வாத்து வந்தபோது அதே மூத்தவர்தான் எந்தக் கரையில், எத்தனை மணிக்கு நின்றால் தெரியும் என்பது வரை முதல் ஆளாகப் போட்டாராம். அப்போது சரியாக இருந்தது இப்போது எப்படித் தப்பாகும், யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

மூத்தவர் இரண்டு தடவையும் சரியாகவே நடந்திருக்கிறார் என்பது என் பதில். ஆனால் அவர் காரணத்தைச் சொல்லாமல் விட்டதால்தான் இத்தனை மனத்தாங்கல்.

இந்தச் சண்டை எல்லாப் பறவைக் குழுக்களிலும் வருஷம் தவறாமல் வரும். பெரும்பாலும் "அரிய பறவை" என்ற இடத்தில் தொடங்கி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அபூர்வமா இல்லையா என்பதை வைத்து இதைத் தீர்க்க முடியாது. கொம்பன் ஆந்தை அப்படியொன்றும் அபூர்வமில்லை. கொங்கு நாட்டில் பாறையும் பள்ளமும் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தேடினால் கிடைக்கும். நம் ஊர்க் குளங்களில் வரித்தலை வாத்துதான் அபூர்வம். அப்படியிருந்தும் வாத்தின் இடத்தைச் சொல்லலாம், ஆந்தையின் இடத்தைச் சொல்லக்கூடாது. நான் கேட்கிற கேள்வி வேறு: பத்துப் பேர் போய் நின்றால் அந்தப் பறவையால் எழுந்து வேறு பக்கம் போய்விட முடியுமா? போனால் அதற்கு என்ன நட்டம்?

வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. நஞ்சராயன் குளம் ஏறக்குறைய 125 ஹெக்டேர். இந்தக் கரையில் ஆள் நடமாட்டம் பிடிக்கவில்லையென்றால் அந்தக் கரைக்குப் போய்விடும். அங்கே அதற்கு முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

அது மட்டுமில்லை, சொல்வதால் குளத்துக்கு லாபமும் உண்டு. சர்க்கார் பெரியபாளையத்தில் இருக்கும் அந்தக் குளத்தைச் சாயக்கழிவும் சாக்கடையும் கலக்கிற இடமாகத்தான் திருப்பூரில் பலருக்குத் தெரியும். அதை 2022இல் மாநிலத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வெறுமனே "இங்கே நிறையப் பறவை வருதுங்க" என்று மனு கொடுத்தால் எந்த அதிகாரியும் நம்பமாட்டார். எந்தப் பறவை, எந்த மாதம், எத்தனை என்று வருஷக்கணக்கில் பலர் எழுதி வைத்த பட்டியலும், வலசைக் காலத்தில் கரையில் வந்து நின்ற கூட்டமும்தான் அந்த மனுவுக்குக் கனம் கொடுக்கும். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு தனித்தனியாகப் பார்த்து மகிழ்ந்திருந்தால் குளத்தின் ஓரத்தில் இந்நேரம் சைட் போட்டு விற்றிருப்பார்கள். ஆகவே "தகவல் பொதுவில் இருக்க வேண்டும்" என்கிற கட்சியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கோயமுத்தூரின் நொய்யல் குளங்களுக்கும் அந்தக் கட்சிதான் துணை.

இப்போது ஆந்தைக்கு வருவோம். கொம்பன் ஆந்தை கூடு கட்டாது. பாறையின் விளிம்பிலோ புதர் மறைவில் தரையிலோ மண்ணைக் கொஞ்சம் பறித்து, அதிலேயே முட்டை வைத்துவிடும். குளிர்காலத்தில் தொடங்கிக் கோடை வரை அதற்கு இனப்பெருக்கக் காலம். ஏறக்குறைய ஐந்து வாரம் பெட்டை அடைகாக்க வேண்டும். மாசி, பங்குனி வெயிலில் பாறைக்குழிக்குள் இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? கல் அடுப்பாகக் கொதிக்கும். தாய் எழுந்து போனால் முட்டையும் பொடிக் குஞ்சும் அந்த வெயிலில் கிடக்கும்.

அதைவிட மோசம் காக்காய். பகலில் ஆந்தை வெளியே பறந்தது என்றால், எங்கிருந்துதான் வருமோ, அத்தனை காக்காயும் கூடிவிடும். துரத்தித் துரத்திக் கொத்தி, அது எங்காவது வேலமரத்துக்குள் ஒண்டும் வரை விடாது. தாய் அங்கே மாட்டிக்கொண்டிருக்க, இங்கே அண்டங்காக்கை குழிக்குள் இறங்கும். பார்க்கப் போனவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. "நான் தூரமாத்தான் நின்னேன், அதுவா பறந்து போச்சு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் நாலு பேர் அதே விளிம்பில் நின்றுவிட்டுப் போயிருப்பார்கள், அவருக்குப் பின்னால் நாலு பேர் வருவார்கள். தனித்தனியாக ஒவ்வொருவரும் ஒழுக்கமாகத்தான் இருந்திருப்பார்கள். பறவைக்கு அதெல்லாம் ஒரே நீண்ட தொந்தரவு. குழுவில் இடம் போடுவதன் முழு ஆபத்தும் இந்தக் கூட்டுத்தொகையில்தான் இருக்கிறது.

குழு என்பதும் நீங்கள் நினைக்கிற அளவில் நிற்காது. ஒரு குழுவில் போட்ட பின் சாயங்காலத்துக்குள் நாலு போட்டோகிராபி குழுக்களுக்குப் போயிருக்கும். அங்கே இருப்பவர்களில் பலர் நல்லவர்கள்தான். இருந்தாலும் ஆந்தை கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகக் கல்லெறிகிறவர், இருட்டியதும் பிளாஷ் அடிக்கிறவர், புளூடூத் ஸ்பீக்கரில் அதன் குரலையே போட்டுக் காட்டுகிறவர் என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் உண்டு. அதற்கும் அப்பால், மாந்திரீகத்துக்கு ஆந்தை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். தீபாவளியை ஒட்டி ஆந்தை கடத்தல் கூடுகிறது என்று, வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. அதில் பெரும்பங்கு வடக்கே நடப்பது. நம் பக்கம் ஆந்தைக்கு அந்த அளவு கிராக்கி இல்லையென்றாலும் வாட்ஸ்ஆப்புக்கு எல்லை ஏது?

சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். இதைச் சொன்னால் போட்டோ எடுக்கிற நண்பர்களுக்குச் சுருக்கென்று கோபம் வரும். வரட்டும்.

குஞ்சு இருந்தால் மறை, இல்லாவிட்டால் சொல் என்று ஒரே கோடாகப் போட்டுவிடவும் முடியாது. சென்னிமலைக்குப் பக்கத்தில் வெள்ளோடு சரணாலயத்தில் பறவைகள் கூடு கட்டுவது ஊருக்கே தெரியும். கூடுகள் தண்ணீருக்கு நடுவே மரத்தில் இருக்கின்றன, நீங்கள் கரையில் நிற்கிறீர்கள், வனத்துறை ஆள் இருக்கிறார். யார் வந்தாலும் கவலையில்லை. மறுபக்கம், கூடே இல்லாத பறவைக்கும் சில சமயம் வாயை மூடத்தான் வேண்டும். வலசைக் காலத்தில் ஆறுமணிக்குருவி ஒன்று களைத்துப்போய் யார் வீட்டுக் கொல்லையிலாவது வந்து விழும். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து இரவெல்லாம் பறந்து வந்த குருவி. அதற்குத் தேவை சருகுக்கடியில் புழு பொறுக்க இரண்டு நாள் அமைதி. கோயமுத்தூரே கேமராவோடு அந்தக் கொல்லைக்குள் இறங்கினால் அது எங்கே போகும்? வால்பாறைப் பக்கம் இருவாச்சியின் நிலைமை இன்னும் இக்கட்டு. பெட்டை மரப்பொந்துக்குள் தன்னையே அடைத்துக்கொண்டு, ஆண் கொண்டுவந்து ஊட்டுவதை நம்பி வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும். அடியில் ஆள் நின்றால் ஆண் கிட்ட வராது, அன்றைக்கு உள்ளே பட்டினி. அதுவும் ஒரே பொந்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வருகிற பறவை என்பதால், அந்த மரம் ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் எல்லா ஆண்டுக்கும் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

"பிரபலப்படுத்தினால்தானே பாதுகாப்பு" என்பவர்கள் வெளிநாட்டு உதாரணம் ஒன்றைச் சொல்வார்கள். நல்ல உதாரணம்தான். நம் அணைகளில் குளிர்காலத்தில் மீன் பிடிக்கிற விராலடிப்பான் ஸ்காட்லாந்தில் அழிந்தேபோய், 1950களில் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. லாக் கார்டன் என்ற ஏரியோரக் கூட்டை ரகசியமாகக் காத்தார்கள். 1958இல் முட்டை திருடுகிறவன் இருட்டில் மரமேறி முட்டையைக் கொண்டுபோய்விட்டான். மறு ஆண்டு ராயல் பறவைப் பாதுகாப்புக் கழகம் தலைகீழாக முடிவெடுத்தது. எல்லாரும் வாருங்கள், தூரத்தில் மறைவிடம் கட்டித் தொலைநோக்கி வைத்திருக்கிறோம், பாருங்கள் என்று அறிவித்தது. ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது, குஞ்சுகளும் பிழைத்தன. இதைச் சொல்கிறவர்கள் விட்டுவிடுகிற ஒன்று, அங்கே இரவும் பகலும் காவல் இருந்தது என்பது. பல்லடம் பாறைக்குழிக்கு யார் காவல் போடுவார்கள்? காவல் இல்லாத விளம்பரம் வேறு கதை.

நாகாலாந்தின் அமூர் வல்லூறு விஷயத்தையும் சொல்வார்கள். 2012இல் டோயாங் நீர்த்தேக்கத்தில் வலைபோட்டு ஆயிரமாயிரமாகப் பிடித்துக் கொல்வது படத்தோடு வெளியே வந்தது. அடுத்த பருவத்திலேயே ஊர்க்காரர்களே அதை நிறுத்திவிட்டார்கள். அங்கே மறைத்திருந்தால் பறவைக்குத்தான் கேடு, ஏனென்றால் கொல்கிறவர்களுக்கு அந்த இடம் ஏற்கெனவே தெரியும். ஆபத்து செய்கிறவனுக்குத் தெரிந்த இடத்தை உலகத்துக்குச் சொல்வதும், அவனுக்குத் தெரியாத இடத்தைச் சொல்லிக்கொடுப்பதும் ஒன்றாகாது.

நம் பக்கத்துக் கதை ஒன்று இதைவிடப் பொருத்தம். மோயாறு பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன என்பது ஊரறிந்த செய்தி. அதை உரக்கச் சொன்னதால்தான், செத்த மாட்டைத் தின்கிற பாறு கழுகைக் கொன்றுவிடும் மாட்டு வலி மருந்து பற்றி விவசாயிகளிடமும் மருந்துக் கடைகளிலும் பேச முடிந்தது. டைக்ளோபினாக்கைக் கால்நடைக்குப் பயன்படுத்துவதற்கு 2006இல் தடை வந்தது, கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டுக்கும் 2023இல் வந்தது. பறவையையும் பள்ளத்தாக்கையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசினார்கள். எந்த மரம் என்பதை மட்டும் யாரும் பேனர் போட்டுச் சொல்லவில்லை. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

இனி மறைக்கிற கட்சிக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "பறவையின் நலன்" என்ற பெயரில் நடக்கிற ரகசியத்தில் பாதி பறவைக்காக இல்லை. காரில் வருகிற டாக்டர் நண்பருக்கும், பெரிய லென்ஸ் வைத்திருக்கிற சார்களுக்கும் லொகேஷன் தனியாகப் போகும். டவுன் பஸ்ஸில் பைனாகுலரோடு வருகிற கல்லூரிப் பையன் கேட்டால், "தம்பி, அது சென்சிட்டிவ் சைட்டுங்க" என்பார்கள். காசு வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிறவர்களும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். மறைப்பதென்றால் எல்லாருக்கும் மறைக்க வேண்டும், முதலில் நம் நெருங்கிய நண்பருக்கு. நீங்களும் மறுபடி மறுபடி அங்கே போய்ப் படமெடுக்கக்கூடாது. இரண்டு வாரம் தினமும் குழி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு "நான் யாருக்கும் சொல்லவில்லை" என்பதில் ஆந்தைக்கு என்ன ஆதாயம்?

முழு மௌனத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அது நம் பகுதிக்கே உரியது. திருப்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் பாறைக்குழி என்றால் குப்பை கொட்டுகிற இடம் என்றாகிவிட்டது. ஒரு குழி நிரம்பினால் அடுத்த குழியைத் தேடுகிறார்கள், ஊர்க்காரர்கள் மறிக்கிறார்கள், போராட்டம் நடக்கிறது. உங்கள் ஆந்தை இருக்கிற குழி நாளைக்கு அந்தப் பட்டியலில் வராது என்று என்ன நிச்சயம்? அங்கே ஒரு ஆந்தைக் குடும்பம் இருந்தது என்று எங்குமே பதிவில்லை என்றால், லாரி வந்து கொட்டிவிட்டுப் போகும். ஆகவே யாருக்கும் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சரியான ஆட்களுக்குச் சொல்லுங்கள். நிலத்துக்காரர், ஊரில் விவரம் தெரிந்த ஒருவர், வனத்துறையில் வனவர் அளவில் ஒருவர், வருஷக்கணக்காகப் பதிவு வைத்துவரும் மூத்த ஆர்வலர் ஒருவர். போதும்.

நிலத்துக்காரர் என்றேன். இந்த விவாதத்தில் பேசாமல் விடப்படுகிற ஆள் அவர்தான். வெளிநாட்டு விதிமுறைகளைப் படித்துவிட்டுப் பறவைக்கும் பார்வையாளருக்கும் இடையிலான விஷயமாக இதைப் பேசுகிறோம். கொங்கு நாட்டில் நல்ல புல்வெளிப் பறவைகள் இருப்பது அரசு நிலத்தில் இல்லை, காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொரங்காடுகளில். கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் விட்டு வைத்திருக்கிற தனியார் மேய்ச்சல் நிலம் அது. கல்கவுதாரியும் வானம்பாடியும், குளிர்காலத்தில் பூனைப்பருந்தும் அங்கே இருப்பதற்குக் காரணம் அந்தக் குடும்பம் இன்னும் அதை உழுது சைட் போடாமல் மாடும் ஆடும் மேய்ப்பதுதான். ஒரு கொரங்காட்டின் இடம் குழுவில் போனதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்கள் வந்து நிற்கும். வேலியைத் தாண்டிக் குதிப்பார்கள், அல்லது படலைத் திறந்துவிட்டுச் சாத்தாமல் போவார்கள். ஆட்டுப் பட்டி பக்கத்துச் சோளக்காட்டுக்குள் போயிருக்கும். "ஏனுங் தம்பி, குருவி பாக்க வந்தீங்க, சரி. படலைச் சாத்தீட்டுப் போகோணும்னு தெரியாதுங்களா?" என்று ஒரு அய்யன் என்னிடம் கேட்டார். சாத்தாமல் போனது நானில்லை என்று அவரிடம் எப்படி விளக்குவது? அவர் கணக்கில் குருவி பார்க்கிற ஆட்கள் எல்லாரும் ஒன்றுதான். அடுத்த முறை போனபோது படலுக்குப் பூட்டு.

அவர் சம்மதம் இல்லாமல் அவர் நிலத்தை ஊருக்கு அறிவிக்க நமக்கு உரிமை இல்லை, பறவை எவ்வளவு சாதாரணமானதாக இருந்தாலும் சரி. கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், காபியும் கொடுப்பார்கள். அப்புறம் ஒன்று, கவுதாரி, காடைக்குக் கண்ணி வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்கிற ஒரே ஆள் அந்த நிலத்துக்காரர்தான். அவரைப் பகைத்துக்கொண்டு என்ன பாதுகாப்பு?

பார்த்த பறவைகளைப் பட்டியலிடும் ஈபேர்ட் இணையதளத்தில் பதிவு செய்வதைப் பற்றி. "ஈபேர்டில் போட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே" என்று பயந்து பட்டியலே போடாதவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லை. ஆபத்துக்குரிய இனங்கள் என்று அவர்கள் குறித்திருப்பவற்றின் இடத்தைத் தளமே மறைத்துவிடும். வரைபடத்தில் 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் கட்டம் ஒன்றுக்குள் எங்கோ என்கிற அளவில்தான் வெளியாருக்குத் தெரியும். எல்லாப் பறவைக்கும் அந்த வசதி இல்லை. பட்டியலில் இல்லாத பறவையின் கூட்டைப் பார்த்தால் நீங்களே மறைக்க வேண்டும். எளிய வழி, தாமதம். தேதி, நேரம், எண்ணிக்கையை அன்றைக்கே குறித்து வைத்துவிட்டு, குஞ்சுகள் பறந்த பிறகு ஏற்றுங்கள். ஆய்வு செய்கிறவர்களுக்கு மூன்று மாதம் கழித்து வந்தாலும் அது அதே தகவல்தான். வலசை வந்த அபூர்வப் பறவைக்கு இதற்கு நேர் எதிர். உடனே சொன்னால்தான் இன்னொருவர் போய்ப் பார்த்து உறுதிப்படுத்த முடியும். ஒருவர் மட்டும் பார்த்த அபூர்வத்தை, அதுவும் படம் இல்லாமல், பின்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

படத்தில் கவனம். இடத்தைச் சொல்லாவிட்டாலும் படம் சொல்லிவிடும். தாராபுரம், பல்லடம் பக்கம் எடுத்த படங்களில் பின்னால் காற்றாலை நிற்கும், தூணில் பெரிதாக எண் எழுதியிருக்கும். அந்த எண் போதும், கண்டுபிடிக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். கோயில் கோபுரம், மேல்நிலைத் தொட்டி, செல்போன் டவர் எல்லாம் அப்படித்தான். போன் படமாக இருந்தால் கோப்புக்குள்ளேயே ஜிபிஎஸ் இருக்கலாம். குஞ்சோடு இருக்கிற படத்தை இப்போதைக்கு எங்கும் போடாதீர்கள். போட்டதை எடுத்துவிடுங்கள், கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.

குழுவில் பதுக்கல் என்று எழுதியவருக்கு என்ன பதில் சொல்வது? அவரை விரோதி ஆக்கிக்கொள்ள வேண்டாம், நஞ்சராயன் குளத்துக்கு அவர் மாதிரி ஆட்கள் வேண்டும். "குஞ்சு இருக்குதுங்க, பறந்ததும் தேதியோட, இடத்தோட பட்டியல் போட்டர்றேன், அதுவரைக்கும் பல்லடம் வட்டம்னு வெச்சுக்கங்க" என்று பொதுவில் எழுதுங்கள். தனியாகக் கேட்கிறவர்களுக்கும் அதே பதில்தான், யாராக இருந்தாலும். அப்படியும் கொம்பன் ஆந்தையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவரிடம், பொழுது சாய்கிற நேரத்தில் அவர் ஊர்ப் பக்கத்துப் பாறைக்குழி எதிலாவது தூரமாக நின்று காது கொடுக்கச் சொல்லுங்கள். நம் பக்கம் அது பஞ்சமில்லை. நீங்கள் நாளைக்கே செய்ய வேண்டியது, அந்தக் குழி யார் பேரில் இருக்கிறது என்று பக்கத்துத் தோட்டத்தில் விசாரித்து, நிலத்துக்காரரைப் பார்த்து, குப்பை லாரிக்காரர்கள் யாராவது வந்து பேசினார்களா என்று கேட்பது.